நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவள்

என் வீட்டுக்காரருக்கு,

கோபம் இறங்காவிட்டாலும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம்.

மூன்று ஞாயிறாகப் போன் செய்கிறேன். உங்கள் தங்கைதான் எடுத்து, அண்ணன் தூங்குறாரு அண்ணி என்கிறாள். பட்டப்பகலில் தூங்குகிற ஆளா நீங்கள்? பின்னால் நீங்கள் இருமுவது எனக்குக் கேட்காமலா இருக்கிறது?

கடைசியாக நாம் போனில் பேசிய அன்று நடந்தது இதுதான். இந்த வெளிநாட்டில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள் எல்லாம் பெரியவர்கள். பஸ் ஓட்டுகிறவர், ரொட்டிக் கடைக்காரி, இரண்டு நர்ஸ். நாள் முழுக்க உழைத்துவிட்டுச் சாயங்காலம் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். அவர்களிடம் சின்னச் சின்ன வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். புரிந்ததா என்று கேட்க வேண்டும், திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும், சொன்னதும் வெரி குட் போட வேண்டும். வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, நாக்கு அதற்கே பழகிவிட்டது. காய்கறிக் கடையிலும் அப்படித்தான் பேசுகிறேன். கடைக்காரர் எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக் கத்துகிறார்.

அந்த வாயோடுதான் உங்களிடமும் பேசிவிட்டேன். கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், தனியாகவே போய் வந்துவிடுவேன் என்றீர்கள். நான் வெரி குட் என்றேன். என்றைக்கு, முழுசாகச் சொல்லுங்கள் என்றேன். நான் என்ன உன் ஸ்டூடண்டா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தீர்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஊசி போட்டுவிடுவார்களோ என்று காய்ச்சலையே மறைக்கிற மனுஷன், தனியாகப் போவேன் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது புரியவில்லையே என்று அழுதேன்.

முந்தி ஒரு தடவை என் அறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்றாவது மாடி. ஒரு கட்டில், ஒரு மேஜை, சரியாகச் சாத்த வராத ஜன்னல். சமையலறை எனக்கும் பக்கத்து அறைக் கணக்கு டீச்சருக்கும் பொது. நல்லவள்தான். ஃபிரிட்ஜில் அவளுக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு. பேச்சும் அப்படியே பங்கு பிரித்தாற்போலத்தான். உப்பு கூடிப்போனால் முகத்தைச் சுளிக்க ஆள் இல்லை, நானே சாப்பிட்டு முடிக்கிறேன். நீங்கள் மூச்சு விடாமல் எதற்காவது சண்டைக்கு வரமாட்டீர்களா என்று ஏக்கமாக இருக்கிறது.

போன வாரம் ரொட்டிக் கடைக்காரி, உங்கள் கணவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டாள். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற கடை வைத்திருக்கிறார், நல்லவர், வேகமாகப் பேசுவார் என்றேன். இன்னும் சொல்லுங்கள் என்றாள். நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வார்த்தைகளை வைத்து அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று பிரின்சிபால் கேட்டிருக்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். போய்விட்டு வா, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலில் சொன்னதே நீங்கள்தான். அதனாலேயே நீங்களாகக் கூப்பிட மாட்டீர்கள். நானாக வந்து நின்றாலோ, என்னால் உன் வேலை கெட்டுப்போச்சா என்று காலத்துக்கும் உங்களையே நொந்துகொள்வீர்கள்.

இதுவரை உங்கள் தங்கை படித்துக் காட்டியிருப்பாள். நாத்தனாரே, உனக்குப் புண்ணியமாகப் போகும், இத்தோடு நிறுத்திக்கொள். அடுத்த தாளை மடித்தபடியே உன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் போய்ப் பார்.

இதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்து, நல்ல கண்ணால் நீங்களே படியுங்கள். ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியவள் நான். பயமாக இருக்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். வாடி என்று ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள், போதும்.

இப்படிக்கு,
உங்களவள்