அருள்பாண்டிக்கு வந்தது காய்ச்சல் இல்லை

ஏழாயிரம்பண்ணை,
கார்த்திகை 5.

அன்பு மகள் அழகுமீனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சாமி புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அந்த டப்ளின் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் என் கும்பிடு. தினம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்கு எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன், மூன்று தடவையும் சாப்பிட்டாயா, கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி பூட்டியாயிற்று, அப்பா வீட்டில்தான் இருக்கிறார். வெம்பக்கோட்டை அணைக்குத் தண்ணீர் வந்திருக்கிறதாம். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம் சித்தி உன் ஸ்கேன் சேதி கேட்டுவிட்டு, வகுத்துப்புள்ள அம்புட்டுப் பெரிசாமே, என் கண்ணே பட்டுரும் போலிருக்கே என்று பூரித்துப் போனாள். பிள்ளை மூன்று வாரம் முந்தி வளர்ந்திருக்கிறது, பனிக்குடத் தண்ணீரும் கூடுதல் என்று நீ சொன்னபோது அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, நீ கவனித்தாயோ என்னவோ. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்கிறார்கள் என்றாய். அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்குப் பிரஷர் என்றேன். அண்ணனுக்குக் காய்ச்சல்தானேம்மா என்று நீயே கேட்டாய். ஆமாம் என்றேன். அது பொய்டி. ஊருக்குச் சொன்ன பொய்யையே உனக்கும் சொல்லி வளர்த்துவிட்டேன்.

உன் அண்ணன் அருள்பாண்டி பிறந்தபோது நாலே முக்கால் கிலோ. நர்சுகள் முறை வைத்துத் தூக்கிக் கொஞ்சினார்கள். நாக்கு வாய்க்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பால் குடிக்கத் திணறுவான். இரண்டாம் நாள் கைகால் இழுத்து வெட்டு வந்தது, சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஊசியில் ஏற்றினார்கள், ஏன் இறங்கியது என்று யாரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தெரியவில்லை. தொப்புள் பிதுங்கி நின்றது, காசைத் துணியில் சுற்றி வைத்துக் கட்டினேன். காது மடலின் அடியில் நகம் பட்டதுபோல் ஒரு கோடு, என் நகம்தான் பட்டுவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன். வலது காலைவிட இடது கால் கொஞ்சம் பருமன். வேன் விட்டு இறங்குகிற பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் எல்லாம் அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள், ஏ வீரலட்சுமி, என்னத்தத் தின்னு இவனப் பெத்த என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. கன்னத்தில் வைத்த பொட்டு போதாதென்று உள்ளங்காலிலும் மை வைத்தேன். கண் பட்டுவிடும் என்று பயந்தேனே தவிர, இந்த வளர்த்தியே ஒரு நோயாக இருக்கும் என்று எந்தப் பாவிக்குத் தெரியும். இரண்டேகால் வயதில், தீபாவளிக்கு மறுநாள், மூத்திரத்தில் இரத்தம் போனது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரகத்தில் கட்டி, நெஞ்சுவரைக்கும் பரவிவிட்டது என்றார்கள். பத்தொன்பது நாள் இருந்தான். அதன்பிறகு நீ பிறந்தாய். பொம்பளைப் பிள்ளை, நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் கட்டி வந்த குடும்பம் என்று பேசுவார்கள் என்று பயந்து, காய்ச்சல் என்றே வைத்துக்கொண்டோம். அவன் போட்டோவையும் பெட்டியில் அடியில் போட்டுவிட்டேன்.

அங்கன்வாடியில் இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு எடை போடுகிறேன். அட்டையில் கோட்டுக்குக் கீழே போனால் வீடு தேடிப்போய்ச் சண்டை போடுவேன், மேலே போனால் மற்றத் தாய்மார்களைக் கை தட்டச் சொல்லுவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. போன மாதம் விருதுநகரில் எங்களுக்கு ஒரு பயிற்சி. அருணாதேவி என்று ஒரு குழந்தை டாக்டர் வந்து, குறைவாக இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள், அளவுக்கு மீறி வளருகிற பிள்ளையையும் பாருங்கள் என்று திரையில் படம் காட்டினார். நாக்கு, தொப்புள், ஒரு கால் பருமன், காது மடலில் அந்தக் கோடு. என் மகன்தான் அந்தத் திரையில் நின்றான் மீனா. எழுந்து வெளியே வந்துவிட்டேன். எல்லாரும் போனபிறகு அந்தம்மாவிடம் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நடந்ததைச் சொன்னேன். பிள்ளையைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் பிள்ளையை அளவுக்கு மீறி வளர்த்துவிடுகிற, பெக்வித் வீடுமான் என்கிற பிறவிக் கோளாறு மாதிரிதான் தெரிகிறது என்றார். பெரும்பாலும் குடும்பத்தில் தொடராதாம். சில குடும்பத்தில் தாய் வழியாகப் பிள்ளைக்கு வருமாம், அதனால் மகள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றார். அந்தக் கோளாறு உள்ள பிள்ளைக்குக் கட்டி வரக்கூடும், பிறந்ததிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளையின் வயிற்றை ஸ்கேன் பண்ணிக்கொண்டே வந்தால் கட்டியைச் சின்னதிலேயே பிடித்துக் குணமாக்கலாம், பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்றும் சொன்னார்.

உன் பிள்ளைக்கு இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, ஒன்றும் இல்லாமலும் போகலாம். மாப்பிள்ளை ஆறடி, அவர் உடல்வாகாகவும் இருக்கலாம். ஆனால் டாக்டரிடம் அண்ணன் சேதியை ஒன்றுவிடாமல் சொல். பிறந்ததும் சர்க்கரை பார்க்கச் சொல், நாக்கையும் தொப்புளையும் காதையும் நீயே பார்.

இதுவரை எழுதியபோது அப்பா வந்துவிட்டார். கிழித்துப் போடப் போகிறார் என்று நினைத்தேன், அவன் பெயரை எடுத்தாலே எழுந்து போகிற மனுஷர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அப்புறம், ஒண்ணு விட்டுட்ட, எளுது என்றார். அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தி ஆவணியிலேயே, குளிக்க ஊற்றும்போது பிள்ளையின் இடது விலாவுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டதாம். மலக்கட்டு என்று நினைச்சேன், லோடு லோடா ஆர்டர் போய்க்கிட்டிருந்துச்சு, போர்மேனா இருக்கிறவன் லீவு போட முடியுமா, தீவாளி முடியட்டும் மதுரைக்குக் கூட்டிட்டுப் போவோம்னு இருந்துட்டேன் என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா நீ அன்னைக்கே தூக்கிக்கிட்டு ஓடுவேன்னு தெரியும், அதான் சொல்லல என்றார். அதற்கப்புறமும் முப்பது வருஷம் அவர் தட்டில் சோறு போட்டிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று கை ஓங்கினேன் மீனா, அவர் நகரவே இல்லை, வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தார். அடிக்க முடியவில்லை. கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதையும் உனக்கு மறைக்கப் போவதில்லை.

நல்ல நாள் பார்க்காதே, பிரசவம் ஆகட்டும் என்று இருக்காதே, படித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. இரும்பு மாத்திரையை மறக்காதே, குனிந்து வேலை செய்யாதே. தாயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பிரிந்து நூறு வயசு வாழ வேண்டும். எடை எவ்வளவு என்று நான் கேட்க மாட்டேன்.

உன் அம்மா,
த. வீரலட்சுமி.

அப்பா கீழே எழுத வேண்டும் என்கிறார், இடம் விட்டிருக்கிறேன்.

தாயி, குளிக்க ஊத்துறப்ப மெல்லத் தடவிப் பாரு. ரெண்டு பக்கமும் பாரு. எதாச்சும் தட்டுப்பட்டா அன்னைக்கே ஓடு. அப்பா.