நீ அடைத்து வைத்த காற்று

போன வெள்ளிக்கிழமை காலை, கிள்ளானில் உன் வீட்டு வாசலில் நான்கு எலுமிச்சம்பழங்கள் வைத்தோம். உன் திவசம் முடிந்துவிட்டது, இனி காரை எடுக்கலாம் என்று உன் மனைவி ஒருவழியாகச் சம்மதித்திருந்தாள். பூசாரி சூடம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாகப் பழத்தை வைத்துவிட்டு, "எடுங்கம்மா" என்றார். உன் மகள் ஷாலினிதான் ஓட்டினாள். மூன்று பழங்கள் டப்பென்று வெடித்துச் சாறு தெறித்தது. பின்னால் இடப்பக்கம் வைத்தது மட்டும் வெடிக்கவில்லை. டயர் ஏறி இறங்கிய பிறகும், கொஞ்சம் சப்பையாகி, தோல் கிழியாமல் சிமெண்டுத் தரையில் அப்படியே கிடந்தது.

 பூசாரி குனிந்து பார்த்தார். பிறகு தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். உன் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது.

"அவரு வேணாங்கிறாருண்ணே," என்றாள் என்னிடம். "காடிய எடுக்க வேணாங்கிறாரு."

ஷாலினி கண்ணாடியை இறக்கிச் சிரித்தாள். "பழம் காஞ்சு போயிருக்கும் லா, அம்மா. பினாங்கு போய்ட்டு ஞாயித்துக்கிழம வந்துடுவேன். டேஷ்போர்டுல ஒரு லைட்டும் இல்ல, பாருங்க. டயர்ல காத்து கொறஞ்சா காடியே சொல்லிடும்."

காடியே சொல்லிடும் என்றாள்.  அது சொல்லாது என்று அந்த வாசலில் நின்றவர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று என் வாயைக் கட்டிவிட்டுப் போனவன் நீ.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, யாரோ ஓட்டி விற்ற அந்தக் காரை வாங்கினாய். இரண்டே சீட்டு, தரையைத் தொடுகிற மாதிரி உயரம். ஏறி உட்காருவதற்குள் என் முட்டி இரண்டும் கழன்றுவிடும். "இந்த வயசுல உனக்கு எதுக்குடா ரேஸ் காடி?" என்று கேட்டதற்கு, "இத்தன வருஷமா மத்தவன் ஓட்டுன ரயிலுக்குத்தானே சிக்னல் பாத்தேன்" என்றாய். 

வாங்கிய சில மாதங்களிலேயே, டயரில் காற்றுக் குறைந்தால் எரிகிற அந்த மஞ்சள் விளக்கு வந்துவிட்டது. குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு அப்படியே நின்று எரியும். பிரிக்ஃபீல்ட்ஸ் டயர் கடைக்காரர் பார்த்துவிட்டு, "டயர்ல ஒண்ணும் இல்ல, அண்ணே. உள்ள இருந்து காத்த அளக்கிற சென்சாருக்கு வயசாயிடுச்சு, அதோட பேட்டரி செத்துப்போச்சு. ஒண்ணு போனா மத்ததும் வரிசையா போகும். நாலையும் மாத்திடுங்க" என்றார். நீ கேட்பாயா? ஒன்றை மட்டும் மாற்றினாய். அடுத்தது போனது. அதை மாற்றினாய், அதற்கடுத்ததும் போனது. ஒவ்வொரு முறையும் காற்றைப் பார்த்தால் டயர் சரியாகத்தான் இருக்கும். "செத்தவன் வந்து நல்ல டயர் மேல குத்தம் சொல்றான், மச்சான்" என்று பொருமினாய்.

கடைசியில் நான்கு புது சென்சார் வாங்கிக்கொண்டு போனால், பழைய ரிம்மில் அவை உட்கார வேண்டிய ஓட்டையெல்லாம் அரித்துப்போயிருந்தது. பொருத்தினால் ஓரத்தில் காற்றுக் கசிந்தது. ரிம்மைச் சரிசெய்ய வேண்டும் என்றார் கடைக்காரர். உனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. டயருக்குச் சாதாரண வால்வு போட்டுக்கொண்டு, சென்சார்களைப் பையில் வாரிக்கொண்டு வந்துவிட்டாய்.

அடுத்த நாள் உன் வீட்டுக்கு வந்தபோது நீ வாசலில் உட்கார்ந்து, ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைத் தண்ணீர்க் குழாயை அறுத்துக்கொண்டிருந்தாய். நான்கு சென்சாரையும் உள்ளே போட்டு, இருபுறமும் மூடி வைத்துப் பசை தடவினாய். ஒரு மூடியில் டயர் வால்வு. பசை காய்ந்ததும், டயருக்கு அடிக்கிற அளவு காற்றைக் கால்பம்பால் குழாய்க்குள் அடித்தாய். அதைப் பின்னால் சாமான் வைக்கிற பூட்டில் கம்பளத்துக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு, என்னை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினாய். விளக்கு அணைந்தது. சென்சார் இருப்பது சக்கரத்திலா குழாயிலா என்று காருக்குத் தெரியாது. சக்கரம் நான்கும் நலம் என்று குழாய்க்குள்ளிருந்து சாட்சி வந்துகொண்டிருந்தது.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிற வேலடா இது," என்றேன்.

"நான்தான் வாராவாரம் கேஜ் வச்சு காத்து பாக்குறேனே. காடிக்கு எதுக்கு தெரியணும்?"

நீ சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். நீ உயிரோடு இருந்து வாராவாரம் குனிந்து பார்க்கிறவரை அந்தப் பொய்யால் யாருக்கும் கெடுதல் இல்லை. நீ இல்லாத நாளை நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

ஒரு மத்தியானம் கோலாலம்பூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. சுங்கை வே தாண்டும் முன்னே காரின் பின்பக்கம் மெதுவாக ஆட ஆரம்பித்தது. "ரோடு சரியில்ல" என்றாய். பக்கத்தில் ஒரு லோரி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. நம் கார் அதன் பக்கமாகச் சாய்ந்து, நீ திருப்பியதும் ஒரு கணம் கழித்துத்தான் திரும்பியது. டேஷ்போர்டில் ஒரு விளக்கும் இல்லை. எண்ணெய் நிலையத்தில் ஒதுக்கி இறங்கினால், பின் டயரிலிருந்து ஆவி எழும்பியது. கருகின ரப்பர் வாடை மழையையும் மீறி அடித்தது. ஆணி ஒன்று ஏறியிருந்தது.

"இந்த வாரம் காத்து பாக்கல. குனிஞ்சா மூச்சு வாங்குது," என்றாய். இடது தோளைத் தேய்த்துக்கொண்டே, "வீட்டுல சொல்லிடாத, மச்சான். பயந்துடுவா" என்றாய். டயரைப் பற்றித்தான் சொல்கிறாய் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

சில மாதத்தில் நீ போய்விட்டாய். இதயத்தில் அடைப்பு இருக்கிறது, அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று முன்பே உன்னிடம் சொல்லியாயிற்று என்று டாக்டர் சொன்னபோது, உன் மனைவிக்கு அவர் வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார் என்று தோன்றியதாம். வீட்டில் நீ சொன்னதெல்லாம் 'வாயு' மட்டும்தான்.

போன வெள்ளிக்கிழமைவரை ஒரு வருடம் அசையாமல் நின்ற கார். பேட்டரிக்காரர் வந்து மாற்றிவிட்டுப் போனார், அவ்வளவுதான். ஓரம் குட்டையும் கெட்டியுமான டயர். காற்று இறங்கினாலும் வெளியே தெரியாது. ஷாலினி காரைக் கேட் பக்கம் நகர்த்தினாள். நான் முன்னால் போய் நின்று கையைக் காட்டினேன்.

"எஞ்சின ஆஃப் பண்ணும்மா. இறங்கி பூட்ட தெற."

கம்பளத்தைத் தூக்கினேன். "என்ன அங்கிள் இது, பாம் மாதிரி இருக்கு?" என்றாள். சொன்னேன். உன் கேஜை எடுத்து, பழம் வெடிக்காத அந்தப் பின் இடப்பக்க டயரில் வைத்தேன். முள் பாதிக்குக்கூட எழும்பவில்லை. அதோடு பினாங்கு வரைக்கும் நெடுஞ்சாலையில் போயிருப்பாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. குழாயைக் கையில் எடுத்தாள்.

"இது உங்களுக்கு தெரியும். அப்போ அப்பாவோட ஆபரேஷன் விஷயமும் தெரியுமா, அங்கிள்?"

"சத்தியமா தெரியாதும்மா."

உன் மனைவியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் நம்பினார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உன்மேல் எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு, நீ எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். உன் பொய்க்கு என்னைச் சாட்சியாக நிறுத்திவிட்டுப் போய்விட்டாய்.

ஷாலினி குழாயை மடியில் வைத்துச் சாவி நுனியால் வால்வை அழுத்தினாள். உஸ்ஸென்று காற்று வந்தது. பசையும் ரப்பரும் கலந்த வாடை. கொஞ்சம் போனதும் சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

"முழுசா எறக்கிடும்மா."

"வேணாம் அங்கிள். அப்பா அடிச்ச காத்து இது."

உன் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷாலினி குழாயைத் திரும்பப் பூட்டில் வைத்து, எஞ்சினை முடுக்கி, தெருவை ஒரு சுற்று மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அது என்னடி லைட்டு?" என்று உன் மனைவி கேட்டாள். "காத்து இல்லன்னு சொல்லுதும்மா," என்றாள் அவள். பினாங்குக்கு பஸ்ஸில் போனாள். கார் லோரியில் ஏறி டயர் கடைக்குப் போனது. ரிம்மைச் சரிசெய்து, புது சென்சார்களைச் சக்கரத்துக்குள்ளேயே போடச் சொல்லியிருக்கிறாள்.

குழாய் இப்போது என் அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் இருக்கிறது. வீட்டில் வைத்துக்கொள்ள அம்மாவுக்கு மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் வரவில்லை என்று ஷாலினி என்னிடம் கொடுத்துவிட்டாள். நீ அடித்ததில் பாதிக் காற்று இன்னும் அதற்குள் இருக்கிறது. உள்ளே கிடக்கிற நான்கு சென்சாரும் பேட்டரி தீரும்வரை, காற்றுக் குறைந்துவிட்டது என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். ஒரு சத்தமும் காதில் விழாது என்று தெரியும். ஆனாலும் அலமாரியைத் திறந்தால், கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் மூடுகிறேன்.