தண்ணீர் அலாரத்துக்கு ஒரு போர்டு

20 ஏப்ரல் 2004

மலிகாவோடு இன்றும் சண்டை. சர்க்யூட் போர்டு வரைய எந்த மென்பொருள் என்பதில்தான். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், இப்போது தண்டையார்பேட்டையில் அவள் வீட்டு மாடியில் ஒரே கம்ப்யூட்டருக்கு அடித்துக்கொள்கிறோம்.

அவள் கண்டுபிடித்ததும் இலவசம்தான். ஆனால் சின்ன போர்டு மட்டும்தான் வரையலாம், பழகவும் பேஜார். என்னுடையது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தருவது. வரைந்து முடித்துக் கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அவர்களே போர்டு செய்து அனுப்பிவிடுவார்கள்.

"நம்ம போர்டு உள்ளங்கை அளவுதான்டி. இதுல வரைஞ்சா எந்தக் கடையிலயும் குடுத்து செஞ்சுக்கலாம்" என்றாள்.

சர்க்யூட் என்னுடையது, நான் சொல்வதுதான் என்றேன்.

23 ஏப்ரல்

டில்லிபாபு அண்ணன் வந்தார். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறார். எங்கள் முதல் ஆர்டர்.

"போன வருசம் நடுக்கடல்ல இஞ்சின் ரூமுல தண்ணி பூந்துக்கிச்சு யசோதரா. பசங்க தூங்கினு இருந்தானுங்க. தப்பிச்சதே பெரிசு. உன் டப்பா கத்துமா?"

கத்தும் என்றேன். மீன்பிடித் தடை முடிந்து படகு கடலுக்குப் போவதற்குள் வேண்டும்.

6 மே

வரைந்து முடித்தேன். பார்க்கவே அழகு. மூலையில், போர்டின் செம்புத் தகட்டிலேயே பதியும்படி என் பெயரைப் போட்டேன். மலிகா பார்த்தாள்.

8 மே

பஷீர் பாய் பிரவுசிங் சென்டரில் அந்தக் கடைசிப் பொத்தானை அழுத்தினேன். கிரெடிட் கார்டு நம்பர் கேட்டது. டாலரில் கட்டணுமாம்.

"கிரெடிட் கார்டா? இங்க வர்றவங்க யார்கிட்டயும் அத்த நான் பார்த்ததே இல்லம்மா" என்றார் பாய்.

சரி, ஃபைலை அம்பத்தூரில் போர்டு செய்பவரிடம் கொடுக்கலாம் என்றால், அது வேறு எந்த மென்பொருளிலும் திறக்காது. மாற்றி எடுக்கவும் வழி இல்லை. மலிகா சொன்னது இதைத்தானே? ஏன் நான் காது கொடுக்கவில்லை? அவள் கண்டுபிடித்தது என்பதால் — வேறென்ன.

15 மே

எழுதவே கை கூசுகிறது.

டில்லிபாபு அண்ணன் வந்து, "இன்னாம்மா, ஆச்சா?" என்றார். "மலிகா எடுத்த சாஃப்ட்வேர் சரியில்லண்ணா, அதான் லேட்டு" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாயில் வந்துவிட்டது. திரும்பினால் மலிகா டீயோடு வாசலில் நிற்கிறாள். இரண்டு பேருக்கும் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

சீ. நான்லாம் இன்னா பொண்ணு.

16 மே

அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

25 மே

காய்ச்சல் என்று பொய் சொல்லி வியாசர்பாடியில் என் வீட்டிலேயே கிடந்தேன். இன்று போனால் மேசைமேல் போர்டு இருக்கிறது. தன் மென்பொருளில் முதலிலிருந்து வரைந்து, அம்பத்தூரில் கொடுத்து வாங்கியிருக்கிறாள். அதே மூலையில் என் பெயர். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அவள் பெயர் எங்கேயும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

28 மே

படகில் மாட்டினோம். மலிகா வரவில்லை. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதும் அலாரம் கத்தியது, பசங்கள் விசில் அடித்தார்கள்.

"மலிகா கெட்டிக்காரிம்மா. மொதல்ல தப்பா எடுத்தாலும் சரி பண்ணிடுச்சி பாரு. என்கிட்ட மன்னிப்புகூட கேட்டுச்சி" என்றார் டில்லிபாபு அண்ணன்.

மன்னிப்பா? அவளா?

"அண்ணா, தப்பா எடுத்தது நான். அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"அத்த இன்னாத்துக்கு என்கிட்ட சொல்ற?" என்றார்.

1 ஜூன்

பக்கத்துப் படகுக்கும் ஒன்று வேண்டுமாம். மலிகா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அவள் திரும்பவே இல்லை.

"உன் சாஃப்ட்வேர எனக்குக் கத்துக் குடுக்கறியா?" என்றேன்.

மவுஸை என் பக்கம் தள்ளினாள்.

"மொதல்ல உன் பேரை எப்படி அழிக்கறதுன்னு காட்டறேன்" என்றாள்.

காட்டினாள். அழித்தேன்.