ஈரம் படாத பீரங்கி

சிவகாசி
ஆவணி 20

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, வெயில்தான் ஆளை வாட்டுகிறது. அந்தக் கனடாக் கடல்காற்றில் நீ காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இன்றே போட்டோ எடுத்து அனுப்பிவிடுவேன், தாள் காரச்சேவுப் பார்சலோடு வரும்.

முந்தாநாள் ராத்திரி நீ அழுதுகொண்டே சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. கோட்டை மியூசியத்தில் பழைய பீரங்கியைச் சுட்டுக் காட்டும் குழுவில் வெடிமருந்துப் பையை எடுத்துக் கொடுப்பது உன் வேலை. பின்பக்கம் திருகித் திறக்கிற பீரங்கி, அந்தக் காலத்தில் குண்டை முதலில் தள்ளி அதன் பின்னால் பையை வைத்து மூடுவார்கள், இப்போது குண்டு கிடையாது, பை மட்டும்தான் என்றாய். ஒரு முறை சுட்டதும் பின்கதவைத் திறந்து, ஈரப் பஞ்சுக்கோலை வாய்வரை விட்டு எடுத்து, கதவு உட்காருகிற இடத்தில் ஒட்டின கரியையும் துடைத்த பிறகுதான் அடுத்த பை. அன்றைக்குக் கூட்டம் அவசரப்படுத்தியதும் உங்கள் குழுத் தலைவர் பின்பக்கமாகக் குனிந்து பார்த்து, அந்தப் பக்கம் கடல் தெரிகிறது, குழாய் சுத்தம், பையைக் கொடு என்றாராம். நீ கொடுக்கவில்லை. வெளிச்சம் தெரிந்தால் கங்கு இல்லை என்று ஆகிவிடுமா? எரிந்த பைத்துணியில் ஒரு துணுக்கு கனன்றுகொண்டு ஓரத்தில் ஒட்டியிருந்தால் அடுத்த பை பற்றிக்கொள்ளப் போதுமே. காட்சி நின்றது, எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாய், இப்போது மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் டிக்கெட் கவுன்டருக்குப் போ என்கிறார்கள். அப்பா, "பிள்ளைய சோலிய விட்டுட்டு வரச் சொல்லு" என்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் நாரணாபுரத்தில் நம் பட்டாசு ஃபேக்டரியில் நடந்ததைக் கேள். தீபாவளி சீசன், லோடு ஏற்ற லாரி வாசலில் நிற்கிறது. மருந்து செலுத்தும் அறையைக் காட்டி ஃபோர்மேன் கருப்பணன், "பெருக்கியாச்சும்மா, தரை பளிச்சுன்னு கிடக்கு, ஆளுகள உள்ள விடட்டுமா" என்றார். சரி என்று தலையாட்டப் போனவளுக்கு உன் தலைவர் பார்த்த கடல் ஞாபகம் வந்துவிட்டது. ஈரத்துணி போடச் சொன்னேன். ரப்பர் விரிப்பின் ஓரத்தில் விட்டு இழுத்த துணி மருந்துத் தூள் ஒட்டிக் கறுத்து வந்தது. எல்லா அறையும் துடைத்து முடிய மத்தியானமாகிவிட்டது, லாரி பாதி லோடோடு போனது, அப்பா ராத்திரி வரை என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறார். சாயங்காலம் பெண்கள் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு சிரித்தபடி வேன் ஏறினார்கள். அவர்கள் அப்படி வீடு போய்ச் சேர்ந்ததில் உன் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு, அது அவர்களுக்குத் தெரியாது.

அதனால் மன்னிப்புக் கேட்காதே, வேலையை விட்டுவிட்டு வரவும் வேண்டாம். டிக்கெட் கிழிக்கச் சொன்னால் தலை நிமிர்ந்து கிழி, மறுபடி பீரங்கிக்குக் கூப்பிட்டால் போய் நில், ஈரக்கோல் போகாத குழாய்க்கு மட்டும் யார் கேட்டாலும் பையைக் கொடுக்காதே. காரச்சேவைப் பிரித்த அன்றே தின்று தீர்த்துவிடாதே. பத்ரகாளியம்மன் உன் பக்கத்தில் நிற்பாள், நூறு வயசு நன்றாக இரு.

உன் அம்மா
பொன்னுத்தங்கம்

பி.கு.: இன்று காலை எனக்கு முன்னால் ஃபேக்டரிக்குப் போய்விட்டார் அப்பா. நான் போனபோது அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஈரத்துணி போடாமல் ஒருத்தரும் உள்ளே போகக் கூடாதாம். உன்னை வரச் சொல்லு என்ற பேச்சையே அதன்பிறகு எடுக்கவில்லை.