லீலாவின் இடது கை

ஜூன் 3, 2024
விடியுமுன்பே கை எரிந்து விழிப்பு வந்துவிட்டது. வலது கையில் மூன்று விரல்கள் மரத்தே கிடக்கின்றன. இந்தக் கர்நாடகத்துக் கம்பெனியின் குளிர் அறையில் நின்றபடி நாளெல்லாம் கோழித் தொடையில் எலும்பு எடுக்கிறேன். முன்பு நிமிடத்துக்கு நான்கு தொடை. இப்போது ஆறு.

ஜூன் 11
கம்பெனியில் கைப் பரிசோதனை. மரத்துப்போகிறதா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்றேன். போன மாதம் ஆமாம் என்ற கனகாவை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த என் வீட்டுக்காரர் இன்னும் எழுந்து நடக்கவில்லை. நானும் நின்றால்?

ஜூன் 20
என் கத்திதான். எலும்பில் மாட்டியதை இழுத்தேன். பிடி நழுவியதே தெரியவில்லை — பக்கத்தில் நின்ற லீலாவின் இடது மணிக்கட்டில் இறங்கிவிட்டது. "அக்கா, என்ர கை" என்றாள், அவ்வளவுதான். எங்கள் ஊர் ராமாபுரத்திலிருந்து அவளை இந்த வேலைக்குக் கூட்டிவந்தவளே நான். அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோழி ஓடும் பெல்ட்டை நிறுத்தவில்லை.

ஜூன் 22
லீலா கவனமில்லாமல் கையை நீட்டினாள் என்று சூப்பர்வைசர் கிருஷ்ணராஜ் எழுதிவைத்திருந்தார்.
"பக்கத்துல நின்னது நீங்கதானுங்க. சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டா உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."
போட்டுவிட்டேன்.

ஜூன் 25
ஆஸ்பத்திரிக்குப் போனேன். நரம்பு அறுந்துவிட்டதாம், விரல்கள் மடங்காதாம்.
"நாந்தான் குறுக்க வந்துட்டனாக்கா? கம்பெனில அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் நாபகமில்ல."
தண்ணி வேணுமான்னு கேட்டேன். அவ என்ன கேக்கறா, நான் என்ன கேக்கறேன்? சீ.

ஜூன் 28
வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

ஜூன் 29
முதலில் லீலாவிடம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு ஆபீசில், கத்தி என்னுடையது, கை மரத்து எட்டு மாதமாகிறது, முன்பு போட்ட கையெழுத்து பொய் என்று எழுதிக்கொடுத்தேன். நகலை லீலாவின் அண்ணனிடம் கொடுத்தேன்.

ஜூலை 1
கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பட்டியலில் என் பெயர் இல்லையாம்.

ஆகஸ்ட் 9
லீலாவின் அண்ணன் கொடுத்த புகார்மேல் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அதிகாரி கன்னடத்தில் கேட்டார். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். கம்பெனி வக்கீல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட வைத்தார். லீலா கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். முதலில் ஏறி உட்கார்ந்த லீலா ஜன்னலோரம் நகர்ந்து, எனக்கும் இடம் விட்டாள்.