எந்த வளைவு, மஞ்சுளா

சூரத்தில் இருக்கும் மஞ்சுளாவுக்கு, மல்லசமுத்திரத்திலிருந்து உன் பழைய மாமியார் பொன்னாயி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க இதை எழுதவில்லை. ஆனாலும் எழுது.

போனில் பேசு என்றாள் என் மகள் கமலவேணி. உன் குரலைக் கேட்டால், வருசம் திரும்புவதற்குள் நீ வேறு தாலி கட்டிக்கொண்டது நினைவுக்கு வரும். கேட்க வேண்டியதை விட்டுவிட்டுச் சண்டைதான் போடுவேன். அதனால்தான் கடுதாசி.

போன வாரம் கமலவேணியும் மாப்பிள்ளை ஈஸ்வரும் என்னையும் கூட்டிக்கொண்டு மைசூர் பார்த்துவிட்டு, முதுமலைக் காட்டு வழியாக ஊட்டிக்குக் காரில் போனார்கள். அவர்களுக்கு அது ஊர் சுற்றல். எனக்கு அது என் மகன் மருதாசலம் முட்டை லாரியோடு விழுந்த ரோடு. செத்த இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, பிடித்த பண்டம் வைத்துக் கும்பிட்டால்தான் அவன் வீடு வந்து சேருவான். கிளம்பும் முன்பே அவனுக்குப் பிடித்த வெல்லக் கச்சாயம் சுட்டு, டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன்.

காட்டுக்குள் நுழையும்போதே பாரஸ்ட் கார்டு சொல்லிவிட்டார்: மலை ஏறி முடிகிற வரைக்கும் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, தின்பண்டம் எதுவும் வெளியே போடக் கூடாது. மலை ஏறினால் வளைவுக்கு மேல் வளைவு. எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது.

"எந்த வளைவுங்க அத்தை? சொன்னீங்கன்னா மெதுவாவாச்சும் போறனுங்க" என்றார் மாப்பிள்ளை.

எனக்கு எப்படித் தெரியும்? பெற்றவள் தாங்கமாட்டாள் என்று ஆம்பளைகள் என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, உடலை வாங்கக் கையெழுத்துப் போட உன்னைத்தானே கூட்டிப் போனார்கள். லாரி முதலாளி வெங்கடாசலம் அன்றைக்கு முதலில் விசாரித்தது முட்டையை. அதையும் நான் மறக்கவில்லை.

கமலவேணி பனியைப் போட்டோ எடுத்தாள். அழகான மலைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடி வழியாகக் கும்பிட்டேன். ஏதோ ஒன்றில் அவன் இருந்திருப்பான். கார் நிற்காமல் போனதைப் பார்த்திருப்பான்.

கச்சாயம் அப்படியே திரும்பி வந்தது. தின்ன மனசில்லை, கொட்டவும் கை வரவில்லை.

நீ அன்றைக்குத் திரும்பி வந்து, "அத்தை, அந்த எடத்துல ஒரு..." என்று ஆரம்பித்தாய். கேட்கும் நிலையிலா நான் இருந்தேன்? அந்த இடத்தில் ஒரு என்ன? மரமா, பாறையா, மைல் கல்லா? எழுது. நிற்க விடாவிட்டாலும் எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்றாவது தெரியட்டும்.

அங்கே உனக்குப் பிறந்த பையன் பள்ளிக்கூடம் போகிறான் என்று கேள்விப்பட்டேன். நோய்நொடி இல்லாமல் வளரட்டும். கச்சாயம் தின்பானா என்பதையும் எழுது.

பொன்னாயி