அழிந்தது சிவப்பு வட்டம்தான்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

மூணு நாளா வார்டுப் பக்கம் நீங்க தலைகாட்டல. இன்னைக்கு உங்க அக்கா உர்சுலா வந்து, "கட்டி மறைஞ்சுடுச்சாமே! புதுமை லா, கடவுள் செஞ்ச அற்புதம்! தேக்கா மார்க்கெட் முழுக்க இதே பேச்சு"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. விசாரிச்சாத்தான் உங்க வேலை தெரியுது.

என் ஸ்கேன் படத்துல, கணையத்துல கட்டி இருக்கிற இடத்தை டாக்டர் சிவப்பு மெழுகுப் பென்சிலால வட்டம் போட்டுக் காட்டினார். நீங்க அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், அது மேல தினமும் மாதா கோயில் எண்ணெயைத் தடவியிருக்கீங்க. ஒன்பது நாள் நவநாள் ஜெபம் முடியறப்போ வட்டத்தைக் காணோம்னு ஃபாதர்கிட்ட ஓடி, நன்றிப் பூசைக்கு எழுதி வச்சுட்டீங்க!

ஏங்க, இருபது வருஷமா துணியில கோடு போட்டு அழிக்கிற தையல்காரருக்கு, எண்ணெய் பட்டா பென்சில் அழியும்னு தெரியாதா?

அந்தப் படம் டாக்டருக்கு வேணும். நேத்து எடுத்த புதுப் படத்தோட சேர்த்து வச்சுப் பார்த்தாத்தான், கட்டி பெரிய ரத்தக்குழாய்ப் பக்கம் எவ்வளவு வளர்ந்திருக்குன்னு தெரியுமாம். குழாயைத் தொடலைன்னா வெட்டி எடுக்கலாமாம். தொட்டிருந்தா என்ன செய்வாங்கன்னு நான் கேட்கல.

நாளைக் காலையில படத்தோட வாங்க. துடைக்கிறேன்னு மறுபடி தேய்க்காதீங்க.

பூசையை நிறுத்த வேண்டாம். நன்றிக்குன்னு எழுதினதை அடிச்சுட்டு, வேண்டுதலுக்குன்னு எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
இன்னும் கட்டியோடவே படுத்திருக்கிற
உங்க வீட்டுக்காரி